கட்டிங்குக்குக் குவார்ட்டர் போதை

டாஸ்மாக் கடையில் கிடைக்கும் பிராந்தி, ரம், விஸ்கி பாட்டில்களில் ஆகச் சிறியது 180 மில்லி. அதைவிடக் குறைவாகக் குடிக்க நினைப்பவருக்கு ஒரே வழி, பாதிக் காசு போட இன்னொருவரைப் பிடிப்பது. அப்படிப் பங்கு பிரித்த 90 மில்லிதான் கட்டிங். பங்குக்கு ஆள் தேடிக் கடை வாசலில் நிற்பது அவ்வளவு சாதாரணமான காட்சி. 2023 ஜூலையில் மதுவிலக்குத் துறை அமைச்சராக இருந்த சு. முத்துசாமியே அதைச் சொல்லி, 90 மில்லி டெட்ரா பேக் கொண்டுவரலாமா என்று பேசினார். எதிர்ப்பும் கேலியும் உடனே கிளம்பின. குடியை ஊக்குவிக்கிறார்கள் என்றது ஒரு தரப்பு, ஏழையின் செலவைக் குறைக்கும் என்றது மறு தரப்பு. ஒருவர் எவ்வளவு குடிக்கிறார் என்பதை இங்கே பாட்டில்தான் முடிவு செய்கிறது என்பது அந்தச் சத்தத்தில் அடிபட்டுப்போனது. எடையைக் குறைக்க வயிற்றில் அறுவை செய்துகொண்டு, பிறகு மெல்லக் குடிக்குத் திரும்புகிறவருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் ஊர் பாட்டில்களில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மில்லியில் 77 மில்லி சுத்த ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். இந்திய மருத்துவர்கள் ‘ஒரு டிரிங்க்’ என்று வைத்துக்கொள்வது 10 கிராம், அதாவது 30 மில்லி பெக். எனவே குவார்ட்டர் ஆறு டிரிங்க். 14 கிராமை ஒரு டிரிங்காக வைக்கும் அமெரிக்கக் கணக்கில் நாலுக்குச் சற்று மேல். கட்டிங்கில் 30 கிராம். அமெரிக்கக் கணக்கில் இரண்டு. அறுவை செய்துகொண்டவர்களுக்கு மது கொடுத்து ரத்தத்தை அளந்த முக்கியமான ஆய்வுகளில் கொடுக்கப்பட்ட அளவும் ஏறக்குறைய இதுதான். ஆகவே அந்த முடிவுகளைக் கட்டிங்குக்கு அப்படியே பொருத்திப் படிக்கலாம்.

அவற்றில் ஒன்று, யானினா பெபினோவும் அவருடைய குழுவினரும் செய்து 2015-இல் ‘ஜாமா சர்ஜரி’ இதழில் வெளியானது. 17 பெண்கள். சிலருக்கு இரைப்பை பைபாஸ் முடிந்து ஓரிரு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகியிருந்தன. மற்றவர்கள் அறுவைக்குக் காத்திருந்தவர்கள். எல்லோருக்கும் உடம்பின் கொழுப்பற்ற எடைக்கு ஏற்றபடி ஒரே விகிதத்தில் மது. காத்திருந்தவர்களின் ரத்தத்தில் ஆல்கஹாலின் உச்சம் 100 மில்லிக்கு 60 மில்லிகிராம். அறுவை முடிந்தவர்களிடம் 110. அந்த உச்சத்தை அவர்கள் எட்டியதும் சில நிமிடங்களிலேயே. இரண்டு டிரிங்க் குடித்தவரின் ரத்தம் நாலு குடித்தவரின் ரத்தம்போல் இருந்தது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அவர் குடித்தது கட்டிங், ஏறியது குவார்ட்டர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு வண்டி ஓட்டுபவருக்கு வைத்திருக்கும் வரம்பு 30 மில்லிகிராம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரே ஆட்களை அறுவைக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து பார்த்த ஆய்வும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் 19 பேருக்கு ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் கொடுத்து மூச்சை அளந்தார்கள். அறுவைக்கு முன் உச்சம் 0.024 சதவீதம்; மூன்று மாதத்தில் 0.059, ஆறாவது மாதத்தில் 0.088. தெளிய ஆன நேரம் 49 நிமிடத்திலிருந்து 88 நிமிடமாக நீண்டது. ஆறு மாதம் பொறுத்துக் குடித்தால் உடம்பு பழையபடி தாங்கும் என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டு. இந்த எண்கள் அதற்கு நேர் எதிர். காலம் போகப்போக ஏற்றம் கூடத்தான் செய்தது.

இந்தியாவில் அதிகம் நடப்பது பைபாஸ் அல்ல, ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குழாய்போல் விடுவது. குடலைத் தொடுவதில்லை என்பதால் ஸ்லீவ் செய்தவருக்கு மது விஷயத்தில் பயமில்லை என்று சிலகாலம் எண்ணம் இருந்தது. மூச்சுக் கருவியை வைத்துச் செய்த சில சிறிய ஆய்வுகளும் பெரிய மாற்றமில்லை என்றன. 2018-இல் பெபினோ குழு ரத்தத்தையே எடுத்துப் பார்த்தது. ஸ்லீவ் செய்தவர்களிடமும் உச்சம் இரு மடங்கு. மூச்சுக் கருவியோ உச்சத்தைத் தவறவிட்டதோடு, அளவையும் கால் பங்குக்கு மேல் குறைத்துக் காட்டியது. குடித்தவுடன் ஊதச் சொன்னால் வாயில் ஒட்டியிருக்கும் மது கணக்கைக் கெடுக்கும். அதற்காகக் காத்திருக்கும் நேரத்திற்குள் இவர்களுக்கு உச்சம் வந்து போய்விடுகிறது. பழைய முடிவுகள் பிசகியது இதனால்தான்.

ஏன் இப்படி? மது பெரும்பாலும் ரத்தத்தில் கலப்பது இரைப்பையில் இல்லை, சிறுகுடலில். இரைப்பையின் அடிவாசல் ஏரி மதகைப் போன்றது; உள்ளே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்து விடும். சாப்பிட்டிருந்தால் இன்னும் மெதுவாக விடும். வெறும் வயிற்றில் குடித்தால் ‘சுர்ரென்று ஏறும்’ என்று நம் ஆட்கள் சொல்வதன் காரணமே இதுதான். பைபாஸில் அந்த மதகே வழியில் இல்லை. உணவுக்குழாய்க்குக் கீழே எலுமிச்சம்பழ அளவு பை, அதிலிருந்து நேராகக் குடல். ஸ்லீவில் மதகு உண்டு. ஆனால் ஒடுங்கிய குழாயின் உள்ளழுத்தம் எதையும் தங்க விடுவதில்லை. இரைப்பைச் சுவரில் மதுவைச் சிறிதளவு சிதைக்கும் நொதியும் வெட்டிய பகுதியோடு போய்விடுகிறது. எடை இறங்கியதால் மது பரவ உடம்பில் இடமும் குறைவு. இத்தனை மாறியும் கல்லீரலின் வேகம் மட்டும் மாறுவதில்லை. மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம்வரை கரைக்கும் அந்த உறுப்புக்குக் கட்டிங்கே மூன்று, நாலு மணி நேர வேலை. குவார்ட்டர் என்றால் விடியும்.

இதை எழுதும்போது என் கண் முன்னால் இருப்பது கத்திவாக்கம். 2011 வரை தனி நகராட்சி. இப்போது சென்னை மாநகராட்சியின் முதல் மண்டலத்துக்குள். தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று கடலோரக் குப்பங்கள். அசோக் லேலண்ட் உள்ளிட்ட ஆலைகள். 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம். வடக்கே காமராஜர் துறைமுகம், அதற்கும் சென்னைத் துறைமுகத்துக்குமாக இரவும் பகலும் ஓடும் கண்டெய்னர் டிரெய்லர்கள். எடைக் குறைப்பு அறுவையை அடையாறு, அண்ணாநகர் விவகாரம் என்று நினைப்பவருக்கு இந்த ஊர் பொருந்தாத இடமாகப் படலாம். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் மிகை எடையிலோ உடல் பருமனிலோ இருக்கிறார்கள். ஷிஃப்ட் மாறி மாறி வேலை, இரவு கேண்டீன் பரோட்டா, முப்பதைத் தாண்டியதும் சர்க்கரை. இங்கே பருமன் உழைப்பாளியின் வியாதி.

2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) மருத்துவக் காப்பீட்டின் விலக்குகளைத் தரப்படுத்தியபோது, உடல் பருமன் அறுவைக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தது. மருத்துவர் பரிந்துரை உள்ளிட்ட நிபந்தனைகள் நிறைவேறி, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து கூடவே கடுமையான துணை நோய்கள் இருந்தாலோ இந்த அறுவையை ஒதுக்க முடியாது. நிரந்தரத் தொழிலாளிக்குக் கம்பெனி எடுத்துத் தரும் குழுக் காப்பீடு இருந்தால், சில லட்ச ரூபாய் அறுவை அவர் கைக்கு எட்டும். அதே தெருவில் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ., மீனவருக்கு முதலமைச்சர் காப்பீடு. ஆகவே இந்த ஊரில் முதலில் இந்த மேசையில் படுக்கப்போவது ஓரளவு நல்ல சம்பளம் வாங்கும், நாற்பதைத் தொட்ட, வாரத்தில் ஓரிரு நாள் குடிக்கும் ஆண். இது என் ஊகம்தான். ஆனால் ஆய்வுகள் யாரை எச்சரிக்கின்றன என்று பார்த்தால் இந்த ஊகம் நம்மைச் சும்மா இருக்க விடாது.

அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் நடந்த ‘லேப்ஸ்’ என்ற தொடர் ஆய்வில் வெண்டி கிங் குழு 1,945 பேரைப் பார்த்து 2012-இல் வெளியிட்ட முடிவு இது. அறுவைக்கு முந்தைய ஆண்டில் மதுப் பிரச்சினை உள்ளவர்கள் 7.6 சதவீதம், முதலாண்டில் 7.3, இரண்டாமாண்டில் 9.6. முதலாண்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிகிறது. எடை இறங்குகிறது, சர்க்கரை மாத்திரை குறைகிறது, மருத்துவமனைக்கு மாதாமாதம் போகிறார், வீட்டாரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். குடி திரும்புவது அதற்குப் பிறகு. இதே குழு 2017-இல் நீண்டகாலக் கணக்கை வெளியிட்டபோது எண்கள் இன்னும் கனத்தன. முன்பு பிரச்சினையே இல்லாதவர்களிலும், பைபாஸ் செய்துகொண்டவர்களில் ஐந்தாண்டுக்குள் 20.8 சதவீதம் பேருக்கு மதுப் பிரச்சினையின் அறிகுறிகள் புதிதாகத் தோன்றியிருந்தன. வயிற்றில் பட்டை மட்டும் கட்டிக்கொண்டவர்களில் அது 11.3. ஸ்வீடனில் தேசியப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது: பட்டை, ஸ்டேப்பிள் போன்ற அறுவைகளைவிடப் பைபாஸுக்குப் பிறகு மதுவுக்காக மருத்துவமனையில் சேரும் ஆபத்து இரு மடங்குக்கு மேல்.

யாருக்கு ஆபத்து அதிகம் என்று 2012 ஆய்வு சொன்னதில் ஆண் என்பது முதலில் வருகிறது. இளவயது, புகைபிடித்தல், அறுவைக்கு முன்பே வாரத்துக்கு இரண்டு டிரிங்காவது குடிக்கும் பழக்கம், நமக்கென்று மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு குறைவாக இருத்தல், இவையும் உண்டு. வாரத்துக்கு இரண்டு டிரிங்க் என்பது இங்கே ஒரு கட்டிங். நம் ஊரில் அதைக் குடி என்றே யாரும் கணக்கில் வைப்பதில்லை.

ஆய்வுகளின் ஒரு பெரிய குறையையும் சொல்லியாக வேண்டும். பெபினோவின் ஆய்வுகளில் பங்கெடுத்தவர்கள் பெண்கள். லேப்ஸிலும் பெரும்பான்மை பெண்களே. குடும்பநல ஆய்வின் கணக்கில் தமிழ்நாட்டில் குடிப்பதாகச் சொன்ன ஆண்கள் 25.4 சதவீதம், பெண்கள் 0.3. ஆக, உலகம் பெண்களை வைத்துத் தெரிந்துகொண்டதை நாம் ஆண்களுக்குப் பொருத்திப் பார்க்கிறோம். பெண் என்றாலே ஏற்றம் சற்று அதிகம் என்பதால் ஆண்களின் எண்கள் கொஞ்சம் மட்டுப்படலாம். ஆனால் அந்தப் பெண்கள் குடித்தது ஆய்வுக்கூடத்தில், அளந்து, நிதானமாக. ராத்திரி பத்து மணிக்குக் கடை ஷட்டரை இறக்கும் முன் வாங்கி, நின்றபடி முடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் மனிதரை எந்த ஆய்வும் தொட்டதில்லை. அவருக்கு எண்கள் இறங்க வாய்ப்பில்லை என்றே நினைக்கிறேன்.

சைடு டிஷ் விஷயமும் இங்கேதான் வருகிறது. அறுவை செய்தவரின் வயிறு ஒரு நேரத்தில் கைப்பிடி அளவுதான் கொள்ளும். உணவையும் திரவத்தையும் ஒன்றாகச் சேர்க்காதே, இடையில் அரை மணி நேரமாவது விடு என்பது எல்லா மருத்துவமனையிலும் சொல்லி அனுப்பும் விதி. அதை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர் குடிக்க உட்கார்ந்தால் என்ன ஆகும்? முட்டையும் சுண்டலும் போகும், கிளாஸ் நிற்கும். தண்ணீர் நிறையக் கலந்தால் வயிறு கொள்ளாது என்று சிலர் ‘ரா’வுக்கே நகரக்கூடும். மதுவின் வேகத்தைத் தடுத்துக்கொண்டிருந்த இரண்டும், சோறும் தண்ணீரும், ஒரே நாளில் விலகுகின்றன. பக்கத்தில் இருப்பவனுக்கோ இதெல்லாம் தெரியாது. அவன் கண்ணுக்கு இவர் பாதி உடம்பாக இளைத்த, ஆரோக்கியமான மனிதர். “இப்பதான் உடம்பு சரியாயிடுச்சே, ஒரு கட்டிங்ல என்னாவப் போவுது” என்பான். சாவு வீட்டில், கோயில் திருவிழாவில், பண்டிகை போனஸ் வந்த ராத்திரியில் இந்த வற்புறுத்தலைத் தட்டிவிட்டு எழுவது எளிதல்ல. குவார்ட்டருக்குப் பாதிக் காசு போட்டவனுக்கு ஒரு பங்காளி தேவைப்படுகிறான் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

அறுவைக்குப் பின் குடி ஏன் கூடுகிறது என்பதற்கு ஒரு பிரபலமான விளக்கம் உண்டு. சாப்பாட்டுக்கு அடிமையாக இருந்தவர், சாப்பிட முடியாமல் போனதும் அந்த அடிமைத்தனத்தை மதுவுக்கு மாற்றிக்கொள்கிறார் என்பது. 2000-களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இது பெரிதாக ஓடியது. இங்கும் ஆலோசகர்கள் சொல்கிறார்கள். எனக்கு இதில் திருப்தி இல்லை. ஒருவகையில் இது குண்டானவர்களைப் பற்றிய பழைய ஏளனத்துக்கு மருத்துவ வேடம் போட்டு விடுவதுதான்: நாக்கை அடக்கத் தெரியாதவன் எதையும் அடக்க மாட்டான் என்பது. இந்த விளக்கம் சரி என்றால், சாப்பாடு நின்ற முதலாண்டிலேயே குடி ஏற வேண்டும், ஏறவில்லை. எல்லா அறுவைக்கும் ஒரே அளவு ஆபத்து இருக்க வேண்டும். பட்டை கட்டியவரைவிடப் பைபாஸ் செய்தவருக்கே அதிகம். எலிகளில் செய்த பரிசோதனை இன்னும் சுவாரசியமானது. பைபாஸ் செய்த பருத்த எலிகள், வாய்வழியாக இல்லாமல் ரத்தக்குழாய் வழியாக நேரே மது கிடைக்கும்படி வைத்தபோதும், அதற்காக மற்ற எலிகளைவிட அதிகம் பாடுபட்டன. குடலில் சீக்கிரம் ஏறுவது மட்டும் காரணமென்றால் ரத்தக்குழாயில் போகும் மதுவுக்கு இந்த வித்தியாசம் இருக்கக் கூடாது. பசியைத் தூண்டும் கிரெலின் போன்ற குடல் ஹார்மோன்கள் மாறுவதால் மூளையின் இன்பக் கணக்கும் மாறுகிறது என்பதே இன்றைக்கு வலுவான ஊகம். வேகமாக ஏறி வேகமாக இறங்கும் எந்தப் போதையும் மீண்டும் கை நீட்ட வைக்கும் என்பதும் கூடவே நிற்கிறது. குணக்கேடு என்று திட்டுவதற்கு முன்னால் இந்த உடம்பு மாறிவிட்டது என்று வீட்டாருக்குச் சொல்ல வேண்டும்.

குடல்புண், கல்லீரல் கொழுப்பு, ஏறிவிடும் எடை இவற்றையெல்லாம் மருத்துவர்கள் விரிவாகவே சொல்கிறார்கள். குவார்ட்டரில் 400 கலோரிக்கு மேல் இருப்பதையும் சொல்கிறார்கள். அவர்கள் அவ்வளவாகப் பேசாத இரண்டு ஆபத்துகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

முதலாவது தயாமின், அதாவது பி1 வைட்டமின். உடம்பில் இதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். அறுவைக்குப் பின் குறைந்த சாப்பாடும் அடிக்கடி வாந்தியும் அதைக் கரைக்கின்றன. மது அதைக் குடலிலிருந்து சரியாக ஏற விடுவதில்லை. இரண்டும் சேர்ந்தால் வெர்னிக்கே என்ற மூளைக்கோளாறு வரக்கூடும். நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், பேச்சு குழறும், ஆள் குழம்பிப்போவார். உடனே ஊசியில் தயாமின் ஏற்றினால் மீட்கலாம். தாமதித்தால் ஞாபகம் நிரந்தரமாகப் போகும். இரண்டாவது, ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்குவது. பைபாஸ் செய்தவர்களில் சிலருக்கு இது குடிக்காமலே வரும். மது கல்லீரலின் சர்க்கரை உற்பத்தியைத் தடுப்பதால் இன்னும் கீழே போகும். அப்போதும் தள்ளாட்டம், வேர்வை, உளறல்.

இந்த இரண்டின் அடையாளங்களும் போதையின் அடையாளங்களே. வாயில் வாடை அடிக்கும் ஒருவர் எண்ணூர் நெடுஞ்சாலையோரம் விழுந்து கிடந்தால் பார்ப்பவர் முடிவுக்கு வர இரண்டு விநாடி போதும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே கொண்டுபோனாலும், வயிற்றில் நாலைந்து சிறு தழும்பு மட்டுமே. லேப்ராஸ்கோப்பி அதற்கு மேல் அடையாளம் வைப்பதில்லை. கூட வந்தவர் ‘பைபாஸ் பண்ணியிருக்கு’ என்று சொன்னால் நம் ஊரில் அது இதய அறுவை என்றே காதில் விழும். அறுவை செய்த மருத்துவமனைகள், சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுப்பதுபோல், பர்ஸில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை கொடுக்கலாம். ‘எனக்கு இரைப்பை அறுவை நடந்திருக்கிறது, குளுக்கோஸ் ஏற்றும் முன் தயாமின் கொடுக்கவும், சர்க்கரை பார்க்கவும்’ என்று தமிழில் மூன்று வரி. செலவு சில ரூபாய்.

அறுவைக்கு முன்னால் மனநல மதிப்பீடு செய்வது வழக்கம். அங்கே குடியைப் பற்றிக் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் பட்டியல் இதற்கு நல்ல கருவி. அதில் ‘எத்தனை டிரிங்க்’ என்ற கேள்விக்கு நம் ஆள் ‘ரெண்டு சார்’ என்பார். அவர் சொல்வது இரண்டு கட்டிங். படிவத்தில் விழுவது இரண்டு பெக். 60 கிராம் 20 கிராமாகச் சுருங்கி, பாதகமில்லை என்ற பெட்டியில் டிக் ஆகிவிடும். பாட்டிலைக் காட்டிக் கேட்பதே முறை: குவார்ட்டரா, கட்டிங்கா, ஆஃபா, பீரா, வாரத்தில் எத்தனை நாள், யாரோடு. அறுவைக்குப் பின் ஆறு மாதமோ ஓராண்டோ குடிக்காதே என்று பொதுவாகச் சொல்லி அனுப்புவது வழக்கம். ஆபத்து அதிகமுள்ளவர்கள் அடியோடு விட்டுவிட வேண்டும் என்பது அமெரிக்க மருத்துவச் சங்கங்களின் 2019 வழிகாட்டுதல். ஓராண்டு என்று எல்லை வைத்தால் கேட்பவர் காதில் விழுவது ‘ஓராண்டுக்குப் பிறகு குடிக்கலாம்’ என்பதுதான். 180 மில்லிக்குக் குறைந்து விற்காத ஊரில் அடியோடு என்பதே நேர்மையான ஆலோசனை என்று எனக்குப் படுகிறது.

முதலாண்டுக்குப் பிறகு மருத்துவமனைப் பக்கம் வருபவர்கள் குறைந்துபோகிறார்கள், குடியோ அப்போதுதான் ஏறத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் ஒருவர் உதவி தேடினால் எங்கே போவது? 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி மையம் அடையாறு இந்திரா நகரில் இருக்கிறது. கத்திவாக்கத்திலிருந்து அது நகரத்தின் மறுகோடி. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் சற்றுப் பக்கம், ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதுமே பலர் பின்வாங்குவார்கள். செலவுக்குக் காப்பீட்டைப் புரட்டினால், பருமன் அறுவையைச் சில நிபந்தனைகளோடு அனுமதித்த அதே 2019 பட்டியலில், சில வரிகள் தள்ளி, மதுப் பழக்கத்துக்கும் அதன் விளைவுகளுக்குமான சிகிச்சை விலக்கு என்று இருக்கிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமோ மதுவால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்து, மனநோய்க்கு உடல்நோய்க்கு இணையான காப்பீடு தர வேண்டும் என்கிறது. இந்த இரண்டு வாசகங்களில் எது நிற்கும் என்பதை, வயிற்றை வெட்டப் பணம் கொடுத்த நிறுவனத்திடம் ஒரு தொழிலாளியின் மனைவி பில்லை நீட்டிக் கேட்க வேண்டியிருக்கும்.